ஜெனரேட்டர் ஓடியும் யு.பி.எஸ். கத்துகிறதா? குஞ்சு பொரிப்பகம் நடத்துவோர் கவனிக்க வேண்டியவை

நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கும் சிறு பண்ணைகளில் அடிக்கடி நடக்கும் சங்கதி இது. இரவு 11 மணிக்குக் கரன்ட் போகிறது. இன்குபேட்டர் யு.பி.எஸ்.ஸில் ஓடத் தொடங்குகிறது. பண்ணைக்காரர் எழுந்துபோய் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறார். இன்ஜின் ஓடுகிறது, கொட்டகையில் பல்பு எரிகிறது. இனி கவலை இல்லை என்று போய்ப் படுத்துவிடுகிறார். விடிந்து வந்து பார்த்தால் ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பல்பும் எரிகிறது. இன்குபேட்டர் மட்டும் அணைந்து கிடக்கிறது. உள்ளே 18 நாள் ஆன முட்டைகள்.

இதில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. ஜெனரேட்டர் தந்த மின்சாரத்தை யு.பி.எஸ். ஏற்கவில்லை, அவ்வளவுதான். மின்சாரம் வரவில்லை என்றே அது நினைத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து கொடுத்தது. பேட்டரி தீர்ந்ததும் நின்றுவிட்டது. ‘கீச் கீச்’ என்று அது கத்தியது ஜெனரேட்டர் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

இன்குபேட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் அல்ல இது. பால் சேகரிப்பு மையத்தில் கம்ப்யூட்டரும் பால் பரிசோதனைக் கருவியும் வைத்திருப்பவர்கள், பசுமைக்குடிலில் தானியங்கிச் சொட்டுநீர்க் கருவி வைத்திருப்பவர்கள், மீன் பண்ணையில் கண்காணிப்புக் கேமரா மாட்டியிருப்பவர்கள் எல்லோருக்கும் இதே தொல்லை உண்டு. ஆனால் முட்டைக்கு மறுநாள் வரை பொறுக்கத் தெரியாது. அதனால் இன்குபேட்டரையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, கையடக்க ஜெனரேட்டரையும் யு.பி.எஸ்.ஸையும் ஒத்துப்போக வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

யு.பி.எஸ். ஏன் மறுக்கிறது?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட் என்பது மின்சாரத்தின் அழுத்தம். ஹெர்ட்ஸ் என்பது அலைவெண். மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை அலைபோல ஏறி இறங்குகிறது என்ற கணக்கு அது. மின்வாரியம் தரும் மின்சாரத்தில் வோல்ட் கூடும், குறையும். கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அலைவெண் 50-ஐ விட்டு அதிகம் நகராது. நாடு முழுக்க உள்ள மின் நிலையங்கள் எல்லாம் ஒரே வலையில் சேர்ந்து ஓடுவதால் அது அப்படி நிற்கிறது.

கையடக்க ஜெனரேட்டரில் நிலைமை வேறு. அங்கே அலைவெண்ணைத் தீர்மானிப்பது ஒரே ஒரு சின்ன இன்ஜினின் வேகம். சாதாரண சிறு ஜெனரேட்டர்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்படி அமைக்கப்பட்டவை. அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு அலை, ஆக 50 ஹெர்ட்ஸ். இன்ஜின் 3,180 சுற்று ஓடினால் 53 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். 2,820-க்கு இறங்கினால் 47 ஹெர்ட்ஸ்.

சுமை இல்லாதபோது இன்ஜின் கொஞ்சம் வேகமாக ஓடும், சுமை ஏறினால் வேகம் இறங்கும். வேகத்தைச் சீராக்க கவர்னர் என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் சிறு இன்ஜின்களில் அது எளிமையான ஸ்பிரிங் அமைப்புதான். அதனால் சுமையே இல்லாமல் ஓடும்போது 52 ஹெர்ட்ஸ் வரும்படியும், சுமை ஏறியதும் 50-க்கு இறங்கும்படியும் வைத்திருப்பார்கள்.

பல்புக்கும் ஹீட்டருக்கும் இது ஒரு பொருட்டே அல்ல. யு.பி.எஸ். அப்படி இல்லை. வரும் மின்சாரம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒவ்வொரு நொடியும் பார்ப்பதுதான் அதன் வேலை. வோல்ட், அலைவெண், அலையின் வடிவம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று அதற்கு விதித்த எல்லையைத் தாண்டினால், கருவிகளைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பேட்டரிக்கு மாறிவிடும். ஜெனரேட்டர் நிலைக்கு வந்ததும் திரும்ப மாறும். ஃப்ரிட்ஜ் போல ஒரு மோட்டார் ஓடத் தொடங்கி இன்ஜின் திணறினால் மறுபடியும் பேட்டரிக்குப் போகும். யு.பி.எஸ். உள்ளே ‘டக் டக்’ என்று ரிலே மாறும் சத்தம் கேட்பது இதனால்தான். இப்படி மாறி மாறி ஓடினால் பேட்டரி சார்ஜ் ஏற நேரம் கிடைக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டே வரும்.

வேகத்தை ஏற்றி வந்த வினை

“அண்ணே, வெளிச்சம் கம்மியா இருக்கு, கொஞ்சம் ஏத்தி விடுங்க” என்று மெக்கானிக்கிடம் சொல்வது வழக்கம். அவரும் கவர்னர் திருகைத் திருப்பி இன்ஜின் வேகத்தைக் கூட்டுவார். பல்பு பளிச்சென்று எரியும். ஆனால் அந்த ஒரு திருகில் அலைவெண் 53, 54 என்று போய்விடும். அதற்குப் பிறகு யு.பி.எஸ். அந்த ஜெனரேட்டரை ஏறெடுத்தும் பார்க்காது.

இதைச் சரிபார்க்க ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர் ஒன்று போதும். எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது ஹெர்ட்ஸ் அளக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஜெனரேட்டரில் பாதிச் சுமையைப் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். வோல்ட் 220-லிருந்து 240-க்குள், அலைவெண் 49-லிருந்து 51-க்குள் இருந்தால் பெரும்பாலான யு.பி.எஸ்.கள் ஏற்றுக்கொள்ளும். அலைவெண் கூடுதலாக இருந்தால் மெக்கானிக்கை அழைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே வேகத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். காதால் கேட்டுச் சரிசெய்வது இதற்கு உதவாது.

அலைவெண் சரியாக இருந்தும் வோல்ட் மட்டும் குறைவாக இருந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஜெனரேட்டரில் ஏ.வி.ஆர். என்ற வோல்டேஜ் சீராக்கி இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். ஏ.வி.ஆர். இல்லாமல் கெப்பாசிட்டர் வைத்த மாடலாக இருந்தால் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். அதற்கு இன்ஜின் வேகத்தை ஏற்றுவது தீர்வு ஆகாது.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

நம் பண்ணைகளில் யு.பி.எஸ். என்ற ஒரே பெயரில் மூன்று வகைக் கருவிகளைச் சொல்கிறோம். மூன்றும் ஜெனரேட்டரோடு மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

முதலாவது, கம்ப்யூட்டர் கடையில் விற்கும் சிறிய யு.பி.எஸ். பெரும்பாலும் 600 வி.ஏ. அல்லது 1 கே.வி.ஏ. 600 வி.ஏ. என்று எழுதியிருந்தாலும் அது தாங்குவது ஏறக்குறைய 360 வாட்தான். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏ.ஹெச். அளவுள்ள சின்ன பேட்டரி. கம்ப்யூட்டரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, வேலையைச் சேமித்து அணைக்க மட்டுமே அது உருவாக்கப்பட்டது. இதில் இன்குபேட்டர் ஹீட்டரை இணைத்துவிட்டு இரவைக் கழிக்க நினைக்கக் கூடாது. இந்த வகைதான் ஜெனரேட்டர் மின்சாரத்தை அதிகம் மறுக்கும். சில மாடல்களில் எவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டும் என்பதைக் குறைத்து வைக்கும் வசதி உண்டு. கருவியோடு வந்த கையேட்டில் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, வீட்டு இன்வெர்ட்டர். 150 ஏ.ஹெச். குழாய் வகை பேட்டரி போட்டு ஃபேன், லைட்டுக்கு வைத்திருப்போமே, அது. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் ‘யு.பி.எஸ்.’ என்றும் மறுபக்கம் ‘இகோ’ அல்லது ‘நார்மல்’ என்றும் எழுதியிருக்கும். யு.பி.எஸ். நிலையில் வைத்தால் ஏறக்குறைய 180-லிருந்து 260 வோல்ட் வரை வரும் மின்சாரத்தை மட்டும் ஏற்கும். நார்மல் நிலையில் 100-லிருந்து 290 வோல்ட் வரைகூட ஏற்கும். ஜெனரேட்டர் ஓடும்போது இதை நார்மலுக்கு மாற்றினால் பல இடங்களில் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நார்மல் நிலையில் இன்வெர்ட்டர் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே கருவிகளுக்கு அனுப்பிவிடும். மின்சாரம் மாறும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்து எழவும் செய்யலாம். மின்வாரிய மின்சாரம் திரும்பி வந்ததும் சுவிட்சைப் பழையபடி மாற்றி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஆன்லைன் யு.பி.எஸ். இது வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றி, பிறகு புதிதாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தானே உருவாக்கிக் கொடுக்கும். ஜெனரேட்டர் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் சமாளிக்கும். வெளியே போகும் மின்சாரம் எப்போதும் சீராக இருக்கும். விலை அதிகம். ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும் பொரிப்பகங்களுக்கு இது கட்டுப்படியாகும்.

எந்த வகையாக இருந்தாலும் வெளியே வரும் அலை ‘சைன் வேவ்’ தானா என்று கேட்டு வாங்குங்கள். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் இன்குபேட்டர் ஃபேன் உறுமும், சூடாகும். சதுர அலை இன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸை மாட்டினால், அந்த யு.பி.எஸ். இன்வெர்ட்டரையே மறுத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர்?

ஒரு சிறிய பொரிப்பகத்தின் கணக்கை உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். இன்குபேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் 350 வாட் என்று இருக்கிறது. கம்ப்யூட்டர், இணைய ரௌட்டர், கேமரா சேர்த்து 150 வாட். விளக்குகள் 50 வாட். மொத்தம் 550 வாட். 1 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஏறக்குறைய 800 வாட் தரும், அதுவே போதும் என்றுதான் தோன்றும்.

போதாது. இன்வெர்ட்டர் தானும் மின்சாரம் சாப்பிடும் என்பதை நாம் விட்டுவிடுகிறோம். பேட்டரி இறங்கியிருக்கும் நேரத்தில்தான் ஜெனரேட்டரைப் போடுகிறோம். 150 ஏ.ஹெச். பேட்டரியை ஏற்ற இன்வெர்ட்டர் 250-லிருந்து 300 வாட் வரை இழுக்கும். ஆக மொத்தம் 850 வாட். 1 கே.வி.ஏ. ஜெனரேட்டர் திணறும், வேகம் இறங்கும், அலைவெண் இறங்கும், யு.பி.எஸ். மறுக்கும். 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஏறக்குறைய 1,600 வாட் தரும். அதில் 850 வாட் என்பது பாதிக்குக் கொஞ்சம் மேல். இன்ஜின் நிதானமாக ஓடுவதற்கு இதுதான் சரியான இடம்.

யு.பி.எஸ்.ஸில் எழுதியிருக்கும் கே.வி.ஏ.வைப் போல இரண்டு மடங்காவது ஜெனரேட்டரில் இருக்கட்டும் என்பது எலெக்ட்ரீஷியன்களின் அனுபவக் கணக்கு. யு.பி.எஸ். சார்ஜர் மின்சாரத்தைச் சீராக இழுக்காமல் அலையின் உச்சியில் மட்டும் பிடுங்கிப் பிடுங்கி இழுக்கும். சிறிய ஜெனரேட்டரில் அது அலையின் வடிவத்தையே கெடுத்துவிடும். கெட்டுப்போன அலையை அதே யு.பி.எஸ். மறுக்கும். ஜெனரேட்டர் பெரிதாக இருந்தால் இந்தப் பாதிப்பு குறையும். அதற்காகத் தேவைக்கு மிஞ்சிப் பெரிய ஜெனரேட்டர் வாங்கி, பத்தில் ஒரு பங்கு சுமையில் ஓட்டுவதும் நல்லதல்ல. எரிபொருள் வீண், இன்ஜினில் கரி படியும்.

இந்த ஜெனரேட்டரிலேயே போர் மோட்டாரையும் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். அந்த ஒரு நொடியில் வோல்ட் சரிந்து யு.பி.எஸ். பேட்டரிக்கு ஓடிவிடும்.

புதிதாக வாங்குபவர்கள் ‘இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்’ என்ற வகையையும் விசாரித்துப் பாருங்கள். இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் வெளியே வரும் மின்சாரத்தை மின்னணுச் சுற்று சீராக்கி 50 ஹெர்ட்ஸாகக் கொடுக்கும். யு.பி.எஸ். இதை எளிதாக ஏற்கும். சத்தமும் குறைவு. சாதாரண ஜெனரேட்டரைவிட விலை கணிசமாகக் கூடுதல். எரிபொருளை மிச்சப்படுத்தும் நிலையில் வைத்து ஓட்டும்போது, ஹீட்டர் திடீரென்று கிளம்பினால் இன்ஜின் ஒரு கணம் தடுமாறும். எனவே இன்குபேட்டருக்கு ஓட்டும்போது அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

இணைக்கும் வரிசை முக்கியம்

பல நேரங்களில் கருவிகளை மாற்றத் தேவையே இருக்காது. சுமையைப் போடும் வரிசையை மாற்றினாலே போதும்.

1. ஜெனரேட்டரைச் சுமை எதுவும் இல்லாமல் கிளப்புங்கள். இரண்டு மூன்று நிமிடம் சூடேற விடுங்கள். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகையானால் மாற்றிய பிறகும் ஓரிரு நிமிடம் பொறுங்கள்.

2. அடுத்து விளக்குகளையும், தனியாகப் போட முடிந்தால் இன்குபேட்டர் ஹீட்டரையும் நேரடியாக ஜெனரேட்டரில் போடுங்கள். இவை இன்ஜினுக்கு நிலையான சுமை. இதைப் போட்டதும் 52-இல் நின்ற அலைவெண் 50-ஐ நோக்கி இறங்கும். ஹீட்டரைத் தனியாக எடுக்க முடியாவிட்டால் பழைய 100 வாட் குண்டு பல்புகள் இரண்டு மூன்றைப் போட்டாலும் இதே பலன் கிடைக்கும்.

3. இன்ஜின் சத்தம் சீரானதும் யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டரை இணையுங்கள்.

4. அரை நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். கத்தல் நிற்க வேண்டும். ‘மெயின்ஸ்’ அல்லது ‘லைன்’ விளக்கு எரிய வேண்டும். ‘பேட்டரி’ விளக்கு அணைய வேண்டும். இதைக் கண்ணால் பார்த்த பிறகே படுக்கப் போங்கள்.

5. டேங்க் காலியாகும் வரை ஓட விடாதீர்கள். எரிபொருள் தீரும் தறுவாயில் இன்ஜின் விட்டு விட்டு ஓடும். அப்போது வோல்ட் தாறுமாறாக ஏறி இறங்கும், மின்னணுக் கருவிகள் பழுதாவது அந்த நேரத்தில்தான். 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணிக்கு முக்காலிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். டேங்க் எத்தனை மணி நேரம் வரும் என்று கணக்கிட்டு, அதற்கு அரை மணி நேரம் முன்பாக அலாரம் வையுங்கள்.

அப்படியும் ஏற்கவில்லையா?

எல்லாம் செய்தும் யு.பி.எஸ். மறுத்தால் சுற்றுவழி ஒன்று இருக்கிறது. தனி பேட்டரி சார்ஜர் ஒன்றை ஜெனரேட்டரில் மாட்டி, அதை நேராக இன்வெர்ட்டர் பேட்டரியோடு இணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டருக்கு வரும் மெயின்ஸ் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள். இப்போது இன்வெர்ட்டருக்கு ஜெனரேட்டர் இருப்பதே தெரியாது. அது பேட்டரியிலிருந்து சீரான மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், சார்ஜர் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். சார்ஜர் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றிவிடுவதால் 50 ஹெர்ட்ஸோ 53 ஹெர்ட்ஸோ கவலை இல்லை.

சார்ஜர் தருவது இன்குபேட்டர் இழுப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 350 வாட் சுமைக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 30 ஆம்பியருக்கு மேல் போகும். 10 ஆம்பியர் சார்ஜர் அதை ஈடுகட்டாது. எனவே ஹீட்டர் சுமை அதிகமுள்ள இடத்தில் ஹீட்டரை ஜெனரேட்டரிலும், கன்ட்ரோலர், ஃபேன், முட்டை திருப்பும் மோட்டார் ஆகியவற்றை மட்டும் இன்வெர்ட்டரிலும் பிரித்துப் போடுவது சிறந்தது. சில இன்குபேட்டர்களில் 12 வோல்ட் பேட்டரியை நேராக இணைக்கும் வசதியே இருக்கிறது. பேட்டரி சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

யு.பி.எஸ்.ஸில் ‘எர்த்’ அல்லது ‘வயரிங்’ கோளாறு விளக்கு எரிந்தால் அது வேறு சங்கதி. கையடக்க ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்காது. யு.பி.எஸ். அதைப் பிழையாகக் காட்டும். நீங்களாக வயரை இணைத்துப் பார்க்காமல் எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யுங்கள்.

முட்டையைவிட உயிர் பெரிது

கொட்டகைக்குள் ஜெனரேட்டரை ஓட்டவே கூடாது. மழை பெய்கிறது, திருட்டுப் போய்விடும் என்று உள்ளே வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே உயிரை விடுவார். கதவு, ஜன்னலிலிருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். மழைக்கு மேலே மட்டும் கூரை போடுங்கள், பக்கங்களை மூடாதீர்கள். இன்குபேட்டர் வெளிக்காற்றை இழுத்துத்தான் முட்டைக்கு மூச்சு தருகிறது. அந்தப் புகை உள்ளே போனால் குஞ்சுக்கும் ஆகாது.

இரண்டு பக்கமும் ப்ளக் வைத்த வயரை எடுத்து, ஜெனரேட்டரில் ஒரு முனையும் சுவர் பிளக் பாயின்டில் மறுமுனையும் செருகி வீடு முழுக்க மின்சாரம் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இது கொலைக்குச் சமம். உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறிவிடும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியர் மேல் அது பாயும். ஜெனரேட்டருக்கும் மின்வாரிய லைனுக்கும் நடுவே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்று மட்டுமே இணையும்படி எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். அந்தச் செலவுக்குத் தயாரில்லை என்றால், கருவிகளை ஜெனரேட்டரின் சொந்த சாக்கெட்டில் மட்டும் மாட்டுங்கள்.

சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் பேட்டரி இருக்கிறது.

மின்சாரம் இல்லாத நேரத்தில் முட்டைகள்

எல்லாம் கைவிட்டாலும் பதறத் தேவையில்லை. கோழி முட்டைக்கு 21 நாள் கணக்கு. ஃபேன் உள்ள இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்க வேண்டும். ஓரிரு மணி நேரம் வெப்பம் குறைந்தால் பொரிப்பு தள்ளிப்போகும், கொஞ்சம் குஞ்சு குறையலாம், ஆனால் எல்லாம் போய்விடாது. வெப்பம் கூடுவதுதான் ஆபத்து. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கரு வேகமாகச் செத்துப்போகும்.

முதல் பத்து நாள் முட்டைகளாக இருந்தால் கதவைத் திறக்காமல் மூடியே வையுங்கள், உள்ளிருக்கும் சூடு தங்கும். இரண்டு வாரம் தாண்டிய முட்டைகள் தாமே சூட்டை உண்டாக்கும். ஃபேன் நின்றால் அந்தச் சூடு ஒரே இடத்தில் தேங்கும், காற்றும் போதாது. அப்போது கதவை லேசாகத் திறந்து, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஹீட்டருக்கு மின்சாரம் போதாத இரவில் ஃபேனையாவது ஓட வைப்பது அதனால்தான் முக்கியம்.

முட்டை வைப்பதற்கு முன் ஒரு ஒத்திகை

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டர்களை வைத்துத்தான் குடிநீர்த் தொட்டியை நிரப்பினார்கள், செல்போனுக்கு சார்ஜ் ஏற்றினார்கள். அப்படி ஒரு நேரத்தில் முதல்முறையாக ஜெனரேட்டரையும் யு.பி.எஸ்.ஸையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே ஒரு பகல் பொழுதை இதற்காக ஒதுக்குங்கள்.

இன்குபேட்டரில் முட்டை இல்லாத நாளில், வெப்பத்தை வழக்கமான அளவுக்கு வைத்து ஓட விடுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கால்வாசி தீர்ந்ததும் ஜெனரேட்டரைக் கிளப்பி, மேலே சொன்ன வரிசையில் சுமையைப் போடுங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ் இரண்டையும் அளந்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் ஓடட்டும். ஹீட்டர் அணைந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறுகிறதா என்று கவனியுங்கள். ஒரு முறைகூட மாறவில்லை என்றால் உங்கள் ஏற்பாடு சரி. மாறினால் எந்தச் சுமை கிளம்பும்போது மாறுகிறது என்று பார்த்து அதைத் தனியாகப் பிரியுங்கள்.

ஒத்திகைக்குப் பிறகு மாதம் ஒருமுறை ஜெனரேட்டரை இருபது நிமிடம் சுமையோடு ஓட்டுங்கள். நீண்ட நாள் ஓட்டப் போவதில்லை என்றால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசின் பிடித்து அவசரத்துக்குக் கிளம்பாது. இன்வெர்ட்டர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். யு.பி.எஸ்.ஸில் உள்ள சிறு பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் பலம் இழந்துவிடும். விளக்கு பச்சையாகக் காட்டினாலும் இரண்டு நிமிடத்தில் அணைந்தால் மாற்றிவிடுங்கள்.

சுமையைப் போடும் வரிசையையும், எந்தச் சுவிட்சை எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்பதையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஜெனரேட்டருக்கு மேலே மாட்டுங்கள். கரன்ட் போகும் இரவில் நீங்கள் ஊரில் இல்லாமல் போகலாம். வீட்டம்மாவோ, மகனோ, வேலையாளோ டார்ச் லைட்டோடு வந்து அதைப் படித்துச் செய்யும்படி இருக்க வேண்டும். அட்டையின் கடைசி வரி இதுவாக இருக்கட்டும்: ‘யு.பி.எஸ். கத்துவது நின்றதா என்று பார்த்துவிட்டுப் போகவும்.’